அமைச்சராகவும் கம்பெனி வக்கீலாகவும் இருந்த ஒருவர்: வில்லியம் கோல்மன்

கேள்வி இதுதான்: அரசுப் போக்குவரத்துத் துறையில் பெரிய பொறுப்பில் இருந்துவிட்டு, பதவி முடிந்ததும் பெரிய நிறுவனங்களுக்கு வாதாடப் போகும் வக்கீல்களை எப்படிப் பார்ப்பது? அது விலைபோவது ஆகாதா? இரண்டு பக்கமும் இருந்தும் பெயர் கெடாதவர் யாராவது உண்டா? கேட்டவர் சட்டம் படிக்கும் மாணவர்.

உண்டு. அமெரிக்காவின் வில்லியம் கோல்மன். 1975 மார்ச் முதல் 1977 ஜனவரி வரை அந்த நாட்டின் போக்குவரத்து அமைச்சர். அதற்கு முன்னும் பின்னும் கார்ப்பரேட் வக்கீல். இடையிடையே நிறவெறிச் சட்டங்களை எதிர்த்து நடந்த வழக்குகளிலும் இருந்தார். அவரைப் புனிதர் ஆக்க நான் வரவில்லை. அமைச்சராக அவர் எடுத்த ஒரு முடிவு தவறு என்பதுதான் என் எண்ணம், அதையும் கீழே சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியை வைத்துப் பார்க்க அவரைவிட வசதியான ஆள் கிடைக்க மாட்டார். அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் காரணத்தோடு எழுத்தில் இருக்கின்றன. யாருக்காக எடுத்தார் என்று நாமே படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

1920இல் பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் பகுதியில் பிறந்தவர். கறுப்பினக் குடும்பம். பள்ளியில் நீச்சல் அணியில் சேரப் போனார். அவரைச் சேர்க்க வேண்டி வருமே என்று பள்ளி அணியையே கலைத்துவிட்டது, அவர் படித்து முடித்து வெளியே போன பிறகு திரும்ப ஆரம்பித்தது. இன்னொரு கதையும் உண்டு. வகுப்பில் நன்றாகப் பேசிய பையனைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை, நீ பெரியவனானதும் அருமையான கார் டிரைவர் ஆவாய் என்றாராம். பையன் பதிலுக்கு நன்றாகத் திட்டிவிட்டு சஸ்பெண்ட் ஆனான். அந்தப் பையன் பின்னாளில் நாட்டின் போக்குவரத்துக்கே அமைச்சர் ஆனதை அமெரிக்கப் பத்திரிகைகள் ரசித்து ரசித்து எழுதியிருக்கின்றன.

ஹார்வர்டு சட்டப் படிப்பு உலகப்போரால் நடுவில் நின்றது. ராணுவத்துக்குப் போய்த் திரும்பி வந்து 1946இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். 1948இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃப்ராங்க்ஃபர்ட்டரிடம் லா கிளார்க். உச்ச நீதிமன்றத்தில் அந்த வேலைக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். நீதிபதி எடுக்கும் முடிவுக்குப் பின்னால் உள்ள காரணங்களைத் தேடி, சரிபார்த்து, வரைவு போடும் வேலை அது. இந்தப் பயிற்சியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவ்வளவு தகுதி இருந்தும் சொந்த ஊரில் எந்தப் பெரிய சட்ட நிறுவனமும் அவரை எடுக்கவில்லை. நியூயார்க்கில் பால் வைஸ் நிறுவனம் எடுத்தது. 1952இல்தான் பிலடெல்பியாவில் ரிச்சர்டுசன் டில்வொர்த்தின் நிறுவனத்தில் இடம் கிடைத்தது. சில ஆண்டுகளில் பங்குதாரர், பிறகு நிறுவனத்தின் பெயர்ப் பலகையிலேயே அவர் பெயரும் ஏறியது. பகலில் கம்பெனிச் சட்டமும், நகரப் பேருந்து-ரயில் போக்குவரத்து சம்பந்தமான சட்ட வேலையும். மீதி நேரத்தில், கறுப்பினத்தவர் உரிமைக்காக வாதாடிய வக்கீல் தர்குட் மார்ஷலின் குழுவோடு, பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்குக்கான எழுத்து வாதத்தைத் தயாரிக்கும் வேலை. 1964இல் மெக்லாஃப்லின் வழக்கில் அவரே உச்ச நீதிமன்றத்தில் நின்று வாதாடினார். வெள்ளையரும் கறுப்பரும் மணமாகாமல் ஒன்றாக வாழ்ந்தால் குற்றம் என்று ஃப்ளோரிடா வைத்திருந்த சட்டம் அந்தத் தீர்ப்பில் செத்தது.

இதே காலத்தில் பான் ஆம் விமான நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் உட்கார்ந்திருந்தார். வக்கீல் இப்படிச் செய்யலாமா என்று தோன்றலாம். நம் ஊர் பார் கவுன்சில் விதிகளே இதற்கு இடம் தருகின்றன. வக்கீல் ஒரு கம்பெனியின் இயக்குநராக இருக்கலாம், நிர்வாக வேலை பார்க்கக் கூடாது, மேனேஜிங் டைரக்டர் ஆகக் கூடாது, அவ்வளவுதான். முழுநேரச் சம்பளத்துக்குப் போனால்தான் பிராக்டிஸை நிறுத்திவைக்க வேண்டும்.

கென்னடி கொலையை விசாரித்த வாரன் ஆணையத்தில் கோல்மன் உதவி வக்கீல். அதே ஆணையத்தில் உறுப்பினராக இருந்தவர் ஜெரால்டு ஃபோர்டு. பத்து ஆண்டு கழித்து ஃபோர்டு ஜனாதிபதியானபோது கோல்மனை அமைச்சரவைக்குக் கூப்பிட்டார். அமெரிக்க அமைச்சரவையில் இடம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர்.

உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் கான்கார்டு வந்துவிட்டது.

பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து பெரும் பணத்தைக் கொட்டிச் செய்த, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் அது. 1976 ஜனவரி 21 அன்று பயணிகள் சேவை தொடங்கியது: லண்டனிலிருந்து பஹ்ரைனுக்கு ஒன்று, பாரிஸிலிருந்து ரியோவுக்கு ஒன்று. ஆனால் இந்த விமானம் பிழைக்க வேண்டுமானால் நியூயார்க் வேண்டும், வாஷிங்டன் வேண்டும். அமெரிக்காவில் எதிர்ப்போ கடுமையாக இருந்தது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்குச் சத்தம் பயம். சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு ஓசோன் பயம். அனுமதித்தால் உள்ளூர் மக்கள் கொதிப்பார்கள், மறுத்தால் இரண்டு நட்பு நாடுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சாதாரணமாக ஓர் அமைச்சர் இதை அதிகாரிகளிடம் தள்ளிவிட்டு, கடைசியில் இரண்டு வரி அறிக்கை விடுவார். கோல்மன் 1976 ஜனவரி 5 அன்று தானே தலைமை ஏற்று வாஷிங்டனில் பொது விசாரணை நடத்தினார். இரண்டு தரப்பையும் பேசவிட்டு, நீதிபதி மாதிரி கேள்வி கேட்டார். பிப்ரவரி 4 அன்று முடிவை வெளியிட்டார். அறுபது பக்கத்துக்குக் குறையாத அந்த ஆவணம் அரசாணை மாதிரி இல்லாமல், பழைய லா கிளார்க் பயிற்சி தெரியும்படி, அசல் தீர்ப்பு மாதிரியே இருந்தது: யார் என்ன சொன்னார்கள், எதை ஏற்கிறேன், எதை ஏற்கவில்லை, ஏன்.

முடிவின் சாரம் இது. 16 மாதச் சோதனை. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கும் ஏர் பிரான்ஸுக்கும் நியூயார்க்கில் ஆளுக்கு நாளைக்கு இரண்டு விமானம், வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் ஆளுக்கு ஒன்று. காலை 7 மணிக்கு முன்னும் இரவு 10 மணிக்குப் பின்னும் கூடாது. அமெரிக்க நிலப்பரப்புக்கு மேலே ஒலிவேகத்தைத் தாண்டக் கூடாது. நான்கு மாத நோட்டீஸில் அனுமதியை ரத்து செய்ய அரசுக்கு உரிமை உண்டு, அவசரமென்றால் உடனடியாகவே செய்யலாம். சத்தம் மற்ற விமானங்களைவிட அதிகம் என்பதை அவர் மறைக்கவில்லை. எவ்வளவு பாதிக்கும் என்பதைப் பறக்கவிட்டு அளந்தால்தான் தெரியும் என்றார். முதல் 12 மாதம் அளப்பதற்கு, மீதி நான்கு மாதம் அளந்ததை ஆராய்வதற்கு. அந்த 16 வந்த கணக்கு அதுதான்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு, மாணவர் என்பதால் சொல்கிறேன். டல்லஸ் விமான நிலையம் மத்திய அரசின் சொத்து. அங்கே அமைச்சர் சொன்னால் முடிந்தது, 1976 மே 24 அன்று இரண்டு கான்கார்டுகளும் வந்து இறங்கிவிட்டன. கென்னடி நிலையம், இரண்டு மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் நியூயார்க்-நியூஜெர்சி துறைமுக ஆணையத்தின் கையில். அது மார்ச் மாதமே தடை போட்டுவிட்டது. விமான நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. துறைமுக ஆணையம் முடிவெடுக்காமல் இழுத்தடிக்கிறது என்று நீதிமன்றங்கள் கண்டித்து, கடைசியில் 1977 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுக்க, நவம்பர் 22 அன்றுதான் நியூயார்க் சேவை தொடங்கியது. அதற்குள் கோல்மன் பதவியில் இல்லை. ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் பேச்சு வந்தபோதெல்லாம் அவருடைய அந்த ஆவணம் மேசையில் இருந்தது. அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்ற அவர் வாதத்துக்கு, அளக்கவே விட மாட்டோம் என்றவர்களிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் இதே பாணிதான், ஆனால் வெளிநாட்டில் யாருக்கும் தெரியாது. வாஷிங்டனுக்குள் வரும் ஐ-66 நெடுஞ்சாலை. வர்ஜீனியா மாநிலம் எட்டு வழிச் சாலை கேட்டது. சாலை போகும் வழியில் உள்ள ஆர்லிங்டன் மக்கள் வீட்டு வாசலில் வேண்டாம் என்றார்கள். 1975இல் கோல்மன் நிராகரித்தார். திட்டத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்ப வந்தார்கள். பதவி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, 1977 ஜனவரி 5 அன்று, அனுமதி கொடுத்தார், ஆனால் நிபந்தனைகளோடு: நான்கு வழிதான், கனரக லாரி வரக் கூடாது, நெரிசல் நேரத்தில் பலர் சேர்ந்து வரும் கார்களுக்கே இடம், சாலையின் நடுவே மெட்ரோ ரயிலுக்கு நிலம் விட வேண்டும். இன்றைக்கும் அந்தச் சாலையில் போனால் நடுவில் ஆரஞ்சு லைன் மெட்ரோ ஓடும், ஆர்லிங்டன் பகுதியில் பெரிய லாரி கண்ணில் படாது. வாகன உற்பத்தியாளர், சாலை ஒப்பந்தக்காரர், லாரி கம்பெனி என்று யாரைக் கேட்டாலும் இந்த உத்தரவைப் பிடித்திருக்காது. கம்பெனி வக்கீலாக இருந்தவர் போட்ட உத்தரவு இது.

சரி, இனி ஏர்பேக் விஷயம்.

காரில் பயணிகள் ஒன்றும் செய்யாமலே காப்பாற்றும் அமைப்பு கட்டாயமாக வேண்டும், அதாவது ஏர்பேக் அல்லது தானாக மாட்டிக்கொள்ளும் பெல்ட் வேண்டும் என்ற விதி பல ஆண்டாக இழுத்துக்கொண்டிருந்தது. 1976 டிசம்பரில் முடிவு கோல்மன் கையில். தொழில்நுட்பம் தயார், செலவும் கட்டுப்படியாகும் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் கட்டாயம் ஆக்கவில்லை. மக்கள் எதிர்ப்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது: 1974ஆம் ஆண்டு மாடல் கார்களில் பெல்ட் போடாவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி செய்திருந்தார்கள். ஜனங்கள் கொதித்துப்போய், நாடாளுமன்றமே அதைச் சட்டம் போட்டுத் தூக்கியது. அதனால் கோல்மன் கார் கம்பெனிகளோடு பேசி, 5 லட்சம் கார்கள் வரை ஏர்பேக் போன்றவற்றைப் பொருத்தி விற்றுப் பார்க்கும் ஒரு சோதனைத் திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். மக்கள் பழகிவிட்டால் பிறகு கட்டாயம் ஆக்கலாம் என்பது கணக்கு.

கான்கார்டிலும் சோதனை, இதிலும் சோதனை, என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். கான்கார்டில் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளச் சோதனை. ஏர்பேக்கில் அவருக்கு ஏற்கெனவே விடை தெரியும், அவரே எழுதியும் வைத்துவிட்டார். அங்கே நிபந்தனைகளை அரசு போட்டது, மீறினால் அனுமதி போய்விடும். இங்கே கம்பெனிகளின் சம்மதத்தை நம்பிய ஏற்பாடு. அடுத்து வந்த அமைச்சர் பிராக் ஆடம்ஸ் சில மாதத்திலேயே சோதனைத் திட்டத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, 1977 ஜூனில் கட்டாய விதி கொண்டுவந்தார். ரீகன் ஆட்சி 1981இல் அதை ரத்து செய்தது. 1983இல் உச்ச நீதிமன்றம், ஸ்டேட் ஃபார்ம் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடுத்த வழக்கில், ரத்து செய்ததற்கு உருப்படியான காரணம் சொல்லவில்லை என்று அந்த ரத்தையே தள்ளிவிட்டது. எல்லாப் புதிய கார்களிலும் முன் ஏர்பேக் வந்து சேர 1990களின் கடைசி ஆகிவிட்டது.

இந்தத் தாமதம் முழுவதையும் கோல்மன் தலையில் கட்டுவது நியாயம் இல்லை, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பங்கே அதிகம். ஆனால் கம்பெனிகளின் அறையில் உட்கார்ந்து பேசிப் பழகிய ஆள் என்பது தெரிந்த ஒரே இடம் இது என்று நினைக்கிறேன். இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்பது கம்பெனி வக்கீலின் சுபாவம். சாலையில் சாகப் போகிறவர் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

மற்றவை சுருக்கமாக. திவாலான வடகிழக்கு ரயில் கம்பெனிகளைச் சேர்த்து 1976 ஏப்ரல் 1 அன்று கான்ரெயில் ஓடத் தொடங்கியது அவர் காலத்தில்தான். விமானக் கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசே நிர்ணயிக்கும் முறையைத் தளர்த்தும் மசோதாவை ஃபோர்டு அரசு 1975 அக்டோபரில் முன்வைத்தது. அது வேறு வடிவத்தில் 1978இல் சட்டமானது. பழைய முறையில் வசதியாக இருந்த பெரிய விமான நிறுவனங்களுக்கு இது பிடித்தமான விஷயம் இல்லை. பான் ஆம் இயக்குநராக இருந்தவர் அமைச்சராக இருந்த ஆட்சி கொண்டுவந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்டு தேர்தலில் தோற்றார். 1977இல் கோல்மன் ஓமெல்வனி அண்ட் மயர்ஸ் என்ற லாஸ் ஏஞ்சலஸ் சட்ட நிறுவனத்தில் சேர்ந்து அதன் வாஷிங்டன் அலுவலகத்தை நடத்தினார். ஐபிஎம், பெப்சிகோ, சேஸ் மன்ஹாட்டன் வங்கி என்று பெரிய இயக்குநர் குழுக்களில் இடம். உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த உறுத்தல் இங்கேதான் வருகிறது.

அந்தக் காலத்து வழக்குகளில் எனக்குச் சுவையாகத் தோன்றுவது கார்சியா வழக்கு. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரப் போக்குவரத்துக் கழக ஊழியர்களுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதிய, ஓவர்டைம் சட்டம் பொருந்துமா என்பது கேள்வி. பொருந்தும் என்றால் ஊர் ஊராகப் பேருந்துக் கழகங்களின் சம்பளக் கணக்கு மாறும். பொதுப் போக்குவரத்து நிறுவனங்களின் சங்கம் கோல்மனை வைத்து உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. எதிரே மத்திய அரசு. அந்தப் பேருந்துக் கழகமோ மத்திய போக்குவரத்துத் துறையின் பெரும் மானியத்தில் ஓடியது, அதாவது கோல்மன் ஒரு காலத்தில் தலைவராக இருந்த துறையின் பணம். மானியம் கொடுத்த துறையின் முன்னாள் அமைச்சர், மானியம் வாங்கியவர் பக்கம் நின்று, மத்திய அரசின் சட்டம் இவர்களைத் தொடாது என்கிறார். 1985 பிப்ரவரியில் 5-4 என்று தோற்றார். பேருந்துக் கழக ஊழியர்களுக்கு ஓவர்டைம் கொடுத்தாக வேண்டும் என்று ஆயிற்று, நல்லதுதான்.

இது தவறா? சட்டப்படி இல்லை. அமைச்சராக அவர் கையாண்ட தனிப்பட்ட விவகாரம் எதுவும் அந்த வழக்கில் இல்லை. பொறுப்பில் இருந்தபோது தானே கையாண்ட குறிப்பிட்ட விவகாரத்தில், பின்னால் அரசுக்கு எதிராக வரக் கூடாது என்பது அமெரிக்காவில் 1960களிலிருந்தே சட்டம். 1978இல், வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, அதை இன்னும் இறுக்கினார்கள். உயர் பதவியில் இருந்தவர் வெளியேறிய பிறகு குறிப்பிட்ட காலம் பழைய துறையிடம் போய்ப் பேசக் கூடாது என்பதும் சேர்ந்தது. துறையைப் பற்றிய பொது அறிவை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், துறைக்குள் பார்த்த கோப்பைக் கொண்டுபோகக் கூடாது. கோடு அங்கேதான் போடப்பட்டிருக்கிறது. கோல்மன் அந்தப் பக்கம் கால் வைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

இன்னொரு வழக்கையும் சொல்லாமல் விட முடியாது. நிறப் பாகுபாடு காட்டும் தனியார் கல்வி நிறுவனங்களுக்கு 1970 முதல் வரிவிலக்கு இல்லை. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வந்தபோது, 1982 ஜனவரியில் ரீகன் அரசு திடீரென்று பக்கம் மாறி, பல்கலைக்கழகம் சொல்வதே சரி என்றது. வரித்துறையின் நிலைப்பாட்டுக்கு வாதாட ஆளே இல்லை. உச்ச நீதிமன்றம் தனக்கு உதவும் வக்கீலாக, அதாவது அமிகஸ் கியூரியாக, ஒருவரை நியமித்தது. அவர் கோல்மன். ரீகனின் அதே குடியரசுக் கட்சிக்காரர். சொந்தக் கட்சியின் ஆட்சி கைவிட்ட நிலைப்பாட்டுக்காக நின்று வாதாடி 1983 மே மாதம் 8-1 என்று ஜெயித்தார். கம்பெனி வக்கீல் ஆகிவிட்டால் நாக்கு அடகு போய்விடும் என்பவர்களுக்கு இதைக் காட்டலாம். 1995இல் கிளின்டன் அவருக்கு ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கொடுத்தார். 2017 மார்ச்சில், 96 வயதில் காலமானார்.

ஆக, விலைபோவது ஆகாதா என்ற உங்கள் கேள்விக்கு: ஆளின் விசிட்டிங் கார்டை வைத்து அதைச் சொல்ல முடியாது. பதவியில் இருந்தபோது அவர் போட்ட உத்தரவில் காரணம் இருக்கிறதா, அந்தக் காரணத்தை எதிர்த்தரப்பு கோர்ட்டில் கேள்வி கேட்க முடிந்ததா என்று பாருங்கள். கான்கார்டிலும் ஐ-66இலும் முடிந்தது. ஏர்பேக்கில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதால் கேள்வி கேட்க இடமே குறைவு.

படிப்பதற்கு ஒன்று சொல்லுங்கள் என்பீர்கள். ஸ்டேட் ஃபார்ம் தீர்ப்பை எடுங்கள், நிர்வாகச் சட்டப் பாடத்தில் எப்படியும் வரும். அதன் ஆரம்பப் பகுதியில் விதி எத்தனை தடவை வந்து எத்தனை தடவை போனது என்ற வரலாறு இருக்கிறது, கோல்மனின் முடிவும் சில வரிகளில் வரும். முதலில் அதைப் படித்துவிட்டு, அப்புறம் கான்கார்டு முடிவைத் தேடிப் படியுங்கள். இந்த வரிசையில் படித்தால் ஏர்பேக் முடிவும் கான்கார்டு முடிவும் ஒரே கை எழுதியவை என்று நம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.